முயலுக்கு நான் எழுதிக் கொடுத்த பட்டினி

வாரத்துக்கு ஒரு முறையாவது பழைய கிளினிக் பக்கம் எட்டிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அப்படி வரும்போதெல்லாம் புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர் பிள்ளைகளான நீங்கள் ஒரு டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, "மேடம், உங்க சர்வீஸ்லயே கஷ்டமான ஆபரேஷன் எது?" என்று ஆரம்பிக்கிறீர்கள். மாட்டு வயிற்றிலிருந்து கூடை கூடையாகப் பிளாஸ்டிக் எடுத்த கதையை எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரியும். அதெல்லாம் கஷ்டம்தான், ஆனால் என்னைக் கவிழ்த்துப் போட்டது இரண்டு கிலோ எடைகூட இல்லாத ஒரு முயல். அதுவும் ஆபரேஷனில் இல்லை. ஆபரேஷனை முக்கால் மணி நேரத்தில் சுத்தமாக முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, என்னை நானே மெச்சிக்கொண்டேன். வினை அதற்குப் பிறகுதான் வந்தது.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டை ஒட்டி, இரண்டே அறைகளில் கிளினிக் நடத்திக்கொண்டிருந்தேன். வருவதெல்லாம் நாய், பூனை. உழவர்கரைப் பக்கத்திலிருந்து எப்போதாவது ஆடு. முயல் வந்தால் அது சொறிக்கு ஊசி போட்டுக்கொள்ள வரும், போய்விடும். எனக்கு உதவிக்கு ஒரே ஒரு அட்டெண்டர் அம்மா. கூட்டிப் பெருக்குவது, கூண்டு கழுவுவது, கடிக்கிற நாயைக் கடிக்காமல் பிடித்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். பாகூர்ப் பக்கத்துக் கிராமம், வீட்டில் நெல்லும் கரும்பும் பயிர் செய்கிற குடும்பம். காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்புவார். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், "எதுக்கும்மா என் பேர இழுத்தீங்க?" என்று சண்டைக்கு வந்துவிடுவார்.

அந்த முயலைக் கொண்டுவந்தவர் நெல்லித்தோப்பில் இருந்த ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். எழுபது வயசிருக்கும். சட்டையில் ஒரு மடிப்பு கலையாது, ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் எட்டு ஐம்பத்தைந்துக்கு வந்து நிற்பார். கூட அவருடைய மனைவி. அவருக்கு நேர்மாறு. கலகலவென்று பேசிக்கொண்டே இருப்பார்.

"டாக்டர், இது முடியை அதுவே பிச்சிப் பிச்சிக் கூடு கட்டுது. குட்டியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கிட்டப் போனா கடிக்குது" என்றார் சொல்தா.

"இது பேரு இன்னா தெரியுமா டாக்டர்? நொயேல்!" என்றார் அந்த அம்மா. கிறிஸ்துமஸை அவர்கள் வீடுகளில் நொயேல் என்பார்கள். "நொயேலுக்குக் கொழம்பு வெக்கலாம்னு இவருதான் வாங்கிக்கினு வந்தாரு. கத்தியெல்லாம் தீட்டி வெச்சிட்டு, போய் அது மூஞ்சியப் பாத்தாரு. அவ்ளோதான். அந்த வருஷம் பண்டிகைக்கு எங்க வூட்ல முட்டைக் கொழம்பு. இப்ப மகாராணி இவரு கட்டில்லதான் படுக்குறா."

சொல்தா சிரிக்கவில்லை. கூடைக்குள் கையை விட்டு அதன் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே இருந்தார். அந்தக் கை மட்டும் பட்டாளத்துக் கையாகத் தெரியவில்லை.

பெண் முயலுக்குப் பொய்ச்சினை வந்து வந்து படுத்துகிறது, கருப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி, பின்னால் கட்டி வருகிற பயமும் இல்லை என்று சொன்னேன். அவர் தயங்கினார். "மயக்க ஊசி போட்டா முயலு தாங்காதுன்றாங்களே?"

"யாரு சொன்னது? நான் இருக்கேன் இல்ல. ஒண்ணும் ஆகாது."

பிள்ளைகளே, நம் தொழிலில் வாயில் வரவே கூடாத வார்த்தை இந்த 'ஒண்ணும் ஆகாது.' எனக்கு அப்போது அது வணக்கம் சொல்வது மாதிரிச் சுலபமாக வரும்.

ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று. கிளம்பும்போது கையில் ஒரு சீட்டு கொடுத்தேன். நாய்க்கும் பூனைக்கும் கொடுப்பதற்காக ஜெராக்ஸ் எடுத்து அடுக்கி வைத்திருந்த சீட்டு. முந்தின ராத்திரி முதல் தீனி கூடாது. ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலை வரை எதுவும் கொடுக்கக் கூடாது. பிறகு கொஞ்சம் தண்ணீர், அரிசிக் கஞ்சி. தலைப்பில் 'நாய் / பூனை' என்று இருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே 'முயல்' என்று எழுதினேன். அதற்கு ஆன நேரம் இரண்டு விநாடி.

நாய்க்கு ஏன் வயிற்றைக் காயப்போடுகிறோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சில் போய்விடும். முயலுக்கு வாந்தியே வராது. அதன் குடல் ராப்பகல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் ஆள் போய்விடும். இது எனக்குத் தெரியாதா? படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் சீட்டு எழுதும்போது கைதான் எழுதியது, படிப்பு எழுதவில்லை. முயலுக்கு அரிசிக் கஞ்சி எழுதிக் கொடுத்த மகராசி நான்தான்.

சொல்தா அந்தச் சீட்டை இரண்டு முறை படித்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேறு யாராவது ஆளாக இருந்தால் வீட்டுக்குப் போனதும் சீட்டைத் தூக்கி எங்கேயாவது போட்டிருப்பார்கள். முயலும் அதுபாட்டுக்குத் தின்று பிழைத்திருக்கும். நான் எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் அப்படியே நிறைவேற்றுகிற மனுஷர் கையில் போய் அந்தச் சீட்டு சிக்கியது.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலிக்கு ஒரே ஒரு ஊசி போட்டு மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். புதன்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"டாக்டர், காலைல கஞ்சி வெச்சோம், தொடல. அப்பறம் கேரட்டு வெச்சோம், அதையும் தொடல. ஒரு மூலையிலயே உக்காந்திருக்கு."

நான் அப்போது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் போன், ஒரு கையில் வளையல். "மயக்கம் முழுசா தெளியல ஐயா. நாளைக்குத் தன்னால சாப்பிடும், பொறுங்க" என்றேன்.

"சரிங்க டாக்டர்" என்று வைத்துவிட்டார். பொறுங்கள் என்று சொன்னால் அவர் பொறுப்பார்.

வியாழக்கிழமை காலை நான் கிளினிக்கைத் திறக்க வந்தபோது இருவரும் வாசலில் ஆட்டோவில் இருந்தார்கள். அந்த அம்மா அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. கூடையைத் திறந்தேன். நொயேல் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. காது இரண்டும் சில்லென்று இருந்தன.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், உப்பல் இருந்தது. உள்ளே ரத்தக் கசிவா, தையல் பிரிந்ததா, குடல் எங்காவது சிக்கிக்கொண்டதா என்று மனசு எங்கெங்கோ ஓடியது. "திறந்து பாத்துடலாம். டேபிள ரெடி பண்ணும்மா" என்று அட்டெண்டர் அம்மாவிடம் சொன்னேன்.

அவர் நகரவில்லை. சொல்தாவின் மனைவியைப் பார்த்து, "யம்மா, புழுக்க போட்டுதா?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல. முந்தாநாள்லேந்து தட்டு சுத்தமா கெடக்குது."

அட்டெண்டர் அம்மா என் கையைப் பிடித்து வாஷ்பேசின் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அதுவரை அவர் என்னைத் தொட்டதுகூட இல்லை.

"டாக்டரம்மா, கோச்சிக்காதீங்க. இது அறுக்கற கேஸ் இல்ல. பட்டினிக் கேஸ். எங்க வூட்டுக்காரரு முயல் பண்ணை வெக்கிறேன்னு ஆரம்பிச்சாரு தெரியுமில்ல? ஒரு மழைக்கு, புல்லு ஈரமா கீதுன்னு ரெண்டு நாளு தீனி போடாம வுட்டுட்டாரு. அவ்ளோதான், வவுறு நின்னு போயி பாதி முயலு வாரிக்கினு போச்சி. இதே மாதிரிதான் குந்திக்கினு பல்லக் கடிச்சிதுங்க. இத்த இப்ப மறுபடி மயக்கம் குடுத்து அறுத்தீங்கன்னா மேசையிலயே பூடும்."

எனக்குக் கோபம் சுர்ரென்று வந்தது. "தெரிஞ்சா அன்னிக்கே சொல்றதுதானே? நான் சீட்டு எழுதறப்ப பக்கத்துலதானே நின்னே?"

"வாய் வரைக்கும் வந்திச்சி. போன மாசம் ஒரு நாய்க்காரருகிட்ட தயிர்ச்சோறு குடுங்கன்னு சொன்னதுக்கு, 'இங்க டாக்டர் நீயா நானா?'ன்னு அத்தினி பேர் எதிர்ல கேட்டீங்க இல்ல. அதான் வாய மூடிக்கினேன்."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்தக் கதையை உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இந்த இடத்துக்காகத்தான். மறுபடி திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஏன் அத்தனை அவசரம்? கத்தி எடுத்தால் பார்க்கிறவர்களுக்கு டாக்டர் ஏதோ பெரிதாகப் போராடுகிறார் என்று தெரியும். உள்ளே ஏதாவது கிடைத்தால் 'இப்படி ஒரு சிக்கல் வந்துவிட்டது' என்று சொல்லிவிடலாம். முயல் செத்துப்போனால்கூட 'முடிந்தவரை பார்த்தோம்' என்று முடித்துவிடலாம். என் தப்பு ஒரு ஜெராக்ஸ் சீட்டில் இருந்தது. அதை நான் அந்த முயலின் வயிற்றுக்குள் தேடப் போனேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் திரும்பி வந்தபோது சொல்தா மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும். ஆபரேஷன் ஆன அன்னிக்கு சாயங்காலம் இது நல்லாதான் இருந்திச்சி. இவ கொத்தமல்லி ஆஞ்சிக்கினு இருந்தா. இது தள்ளாடித் தள்ளாடி வந்து இவ கால மோந்திச்சி. இவ ஒரு இணுக்கு குடுத்துட்டா. நான் ஓடிவந்து, அது வாயிலேந்து வெடுக்குனு புடுங்கிட்டேன். உத்தரவு இல்லாம குடுக்கக் கூடாதுன்னு. அப்ப அதுக்கு உள்ள ஏதாவது ஆயிடிச்சா? நான் புடுங்கினதுலதான் இப்படி ஆச்சா?"

அந்த அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து ஆறு மணி நேரத்தில் பசித்து எழுந்து வந்திருக்கிறது. அந்த ஒரு இணுக்கு கொத்தமல்லி உள்ளே போயிருந்தால் குடல் ஓட ஆரம்பித்திருக்கும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால், அந்த மனுஷர் தன் முயலைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டுவார். யாருக்கும் தெரியாது. அட்டெண்டர் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, நீங்க ஒரு தப்பும் பண்ணல. நான் எழுதினத செஞ்சீங்க. எழுதினதுதான் தப்பு. நாய்க்குக் குடுக்கற சீட்ட உங்களுக்குக் குடுத்துட்டேன். முயல பட்டினி போடவே கூடாது. நேத்து நீங்க போன் பண்ணப்பவாவது உடனே வரச் சொல்லியிருக்கணும். அதையும் செய்யல. தப்பு என்மேலதான்."

முதலில் வெடித்தது சொல்தாவின் மனைவிதான். "இன்னா டாக்டர் இது! ரெண்டு நாளா கண்ணெதிர்ல பட்டினி போட்டோமே! அதுக்கு வாய் தொறந்து கேக்கத் தெரியாது. ஆனா கேட்டுது டாக்டர். வந்து என் கால மோந்து கேட்டுது. நாங்க குடுக்கலியே!"

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டி முடிக்கட்டும் என்று நின்றேன்.

சொல்தா மட்டும் மேஜையைப் பிடித்திருந்த கையை எடுத்தார். நிமிர்ந்து நின்றார்.

"சரி. இப்ப இன்னா உத்தரவு?"

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு டாக்டரிடம் போயிருக்கலாம். நாலு தெரு கேட்கிற மாதிரிக் கத்தியிருக்கலாம். அவர் எனக்கு மறுபடி உத்தரவு போடுகிற தகுதியைக் கொடுத்தார். வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

வயிற்றை மறுபடி, இந்த முறை அவசரப்படாமல், தொட்டுப் பார்த்தேன். தவில் மாதிரி விண்ணென்று இறுகியிருந்தால் அடைப்பு, அப்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இது பிசைந்த மாவு மாதிரி அமுங்கியது. "பிழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன் ஐயா. பாதிக்குப் பாதிதான். ஆனா அறுக்கப் போறதில்ல. ஊட்டப் போறோம்" என்றேன்.

வலிக்கு ஊசி போட்டேன், தோலுக்கடியில் வெதுவெதுப்பாக சலைன் ஏற்றினேன். மற்றதெல்லாம் அட்டெண்டர் அம்மாவின் ராஜ்ஜியம். அருகம்புல் வேண்டும் என்றார். ரெட்டியார்பாளையம் மெயின் ரோட்டில் புல்லுக்கு எங்கே போவது? "புள்ளையார் கோயில் வாசல்ல மாலையா கட்டி விப்பாங்க இல்ல, போய் அள்ளிக்கினு வாங்க" என்று சொல்தாவை விரட்டினார். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற மனுஷர், எங்கள் மொபெட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் பறந்தார். பூக்காரம்மா கூடையில் இருந்த அருகம்புல் மாலை அத்தனையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பூக்காரம்மா, "ஏன் ஐயா, வீட்ல கும்பாபிஷேகமா?" என்று கேட்டாராம்.

மாலையின் நாரைப் பிரித்து, புல்லைக் கழுவி, அவர்கள் வீட்டு முயல் தீனியோடு சேர்த்து அரைக்க வேண்டும். பக்கத்து வீட்டில் போய் மிக்சி இரவல் கேட்டேன். துவையல் அரைக்க என்று சொல்லித்தான் வாங்கினேன், உண்மையைச் சொன்னால் தருவார்களா? ஊசி இல்லாத சிரிஞ்சில் வடிகட்டி எடுத்து, கடைவாய்ப் பக்கமாகத் துளித் துளியாக விட்டோம். அட்டெண்டர் அம்மா முயலைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, சொல்தாவின் மனைவி ஊட்டினார். முதல் சிரிஞ்சில் பாதி வெளியே வழிந்தது. "கொயந்தைக்குப் பாலாட ஊத்தற மாரி ஊத்துங்கம்மா, அவசரப்படாதீங்க" என்றார் அட்டெண்டர் அம்மா. ஊட்டுவது, கொஞ்சம் நடக்க விடுவது, வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பது, மறுபடி ஊட்டுவது. வெந்நீர் வைத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. நடுநடுவே நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டு ஓடி வருவேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்துக்குள் பல் கடிப்பது நின்றது. ஆனால் கூண்டுக்கு அடியில் புழுக்கை விழுகிற தட்டு காலியாகவே இருந்தது. சொல்தா ஒரு நாற்காலியைக் கூண்டுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் கொடுத்த சாப்பாட்டையும் தொடவில்லை. "அது துன்னட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார்.

நாலு மணி சுமாருக்கு நான் ஒரு அல்சேஷன் நாயின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு கூச்சல் வந்தது. பட்டாளத்துக்காரர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"டாக்டர்! மூணு! மூணு!"

ஓடினேன். மனுஷர் உள்ளங்கையை நீட்டினார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, வறண்டு போன மூன்று புழுக்கைகள். அவ்வளவு மரியாதையாக யாரும் புழுக்கையைக் கையில் ஏந்தி நான் பார்த்ததில்லை. அவர் மனைவி ஓவென்று அழுதார். அல்சேஷன்காரர் என்ன ஏதென்று தெரியாமலே கை தட்டினார். நானும் அழுதேன், டாக்டர் அழலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை.

அட்டெண்டர் அம்மா ஒருவர்தான் அசரவில்லை. "நின்னு அழுதுக்கினு இருந்தா ஆச்சா டாக்டரம்மா? அடுத்த சிரிஞ்ச எடுத்தாங்க" என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

கிளம்புவதற்கு முன்னால் நொயேல் ஒரே ஒரு அருகம்புல்லைத் தானாக வாயில் இழுத்து, மொறுமொறுவென்று கடித்தது. அந்தச் சத்தத்தை நாங்கள் நாலு பேரும் குனிந்து கேட்டோம். பிறகு வீட்டில் நாலு நாள் சிரிஞ்சில் ஊட்டினார்கள். பத்தாம் நாள் தையல் பிரிக்க வந்தபோது அது என் விரலைக் கடித்தது. கடிக்கட்டும், கடிக்க அதற்கு எல்லா நியாயமும் உண்டு.

அடுத்த வாரமே முயலுக்கென்று தனிச் சீட்டு எழுதினேன். அட்டெண்டர் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆபரேஷனுக்கு முன்னாலும் பட்டினி வேண்டாம். கண் விழித்துத் தலை நிமிர்ந்ததும் பச்சைப் புல் வையுங்கள். சாப்பிட்டதா என்பதோடு புழுக்கை போட்டதா என்றும் பாருங்கள். அரை நாள் சாப்பிடாவிட்டால் நாளைக்கு என்று தள்ளாமல் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். வலி மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டர் பொறுங்கள் என்று சொன்னால் பொறுக்காதீர்கள், இந்தக் கடைசி வரி மட்டும் என்னுடையது. அன்று முதல் எந்தச் சீட்டைக் கொடுப்பதற்கு முன்னாலும் அவர் பக்கம் திரும்பி, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பேன். முதல் ஒரு மாதம் அவர் நம்பவில்லை. அப்புறம் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டார்.

இதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருக்க அத்தனை காரணம் இருந்தும் பேசிய ஒரு பெண், என்னைத் திட்டியபடியே சிரிஞ்சைக் கையில் வாங்கிக்கொண்ட ஒரு பெண், 'இப்ப இன்னா உத்தரவு' என்று கேட்ட ஒரு கிழவர். இந்த மூன்று பேருக்கும் நான் கடன்பட்டவள். அவர்கள் இல்லாவிட்டால் அதற்குப் பிறகு இருபது வருஷம் நான் இந்தத் தொழிலில் நிமிர்ந்து நடந்திருக்க முடியாது.

ஆனால் சொல்தாமேல் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. மனுஷர் அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பூசை முடிந்து வெளியே வந்தால் சொல்வாராம், பென்ஷன் வாங்கப் போன இடத்தில் சொல்வாராம். ஒன்றையும் விடாமல், சீட்டில் நாயை அடித்து முயல் என்று எழுதினது உட்பட. மானம் போகிறதே, நம் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாரே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாறு மாதம் கழித்து, கிளினிக் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், உழவர்கரையிலிருந்து ஒரு அம்மா கூடையோடு வந்தார். உள்ளே இரண்டு முயல்கள்.

"நெல்லித்தோப்பு சொல்தா சொன்னாரு. நீங்க அவரு முயல பட்டினி போட்டு சாவடிக்கப் பாத்தீங்களாமே?" என்றார், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி.

என் முகம் சுருங்கிப் போயிற்று. "ஆமாம்மா" என்றேன்.

"அத்த நீங்களே சொன்னீங்களாம். அதான் உங்ககிட்டயே வந்துட்டேன்" என்று சொல்லிக் கூடையை என் மேஜையில் வைத்தார்.